ஷெல் துண்டுக்கு ஒரு கடிதம்

நீங்கள் இந்த விமான நிலையச் சோதனை வேலைக்கு வந்து ஒரு கிழமை ஆகியிருந்தால், இதற்குள் யாராவது ஒருவர் உங்களை ஏசியிருப்பார். ஒரு மாதம் ஆகியிருந்தால் உங்கள் தாய் தகப்பனையும் சேர்த்து ஏசியிருப்பார்கள். மனம் நோக வேண்டாம். முன்பின் தெரியாத மனிதரிடம் சப்பாத்தைக் கழற்று, இடுப்புப் பட்டியைக் கழற்று, கையை உயர்த்து, திரும்பி நில் என்று சொல்கிற வேலை இது. யாருக்குத்தான் பிடிக்கும்? ஓய்வு பெற்ற பிறகு மகளைப் பார்க்க நானும் ஒரு தடவை பயணியாகப் போனேன். என் பையைக் கிளறிய அதிகாரி மீது எனக்கே கோபம் வந்தது. முப்பது வருடம் அதே வேலையைச் செய்தவன் நான்.

எங்கள் ஆட்கள் பயணம் போவதென்றால் பாதி ஊரையும் பையில் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். ஒடியல் மா, மிளகாய்த்தூள், கருவாடு, நல்லெண்ணெய், பாக்குவெட்டி. வேலணையிலிருந்து வந்த ஒரு அக்கா நெல்லிரசப் போத்தலைக் கைப்பையில் வைத்திருந்தார். கொண்டுபோக முடியாது, தொட்டியில் போட வேண்டும் என்றேன். "நீங்கள் குப்பையில போடுறதுக்கு நான் நெல்லி இடிக்கேல்லை" என்றார். அங்கேயே போத்தலைத் திறந்து, தண்ணீர்க் குழாயடியில் இருந்த கடதாசிக் குவளைகளை எடுத்து, வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் வார்த்துக் கொடுத்தார். எல்லாரும் குடித்தார்கள். எனக்கு மட்டும் தரவில்லை.

இந்த மாதிரிக் கதைகள் என்னிடம் நிறைய உண்டு. தேநீர் குடிக்கும்போது சொல்லிச் சிரிக்கலாம். நான் எழுத உட்கார்ந்தது அவற்றுக்காக அல்ல. ஒரு மனிதரை நான் சோதித்த விதத்தைப் பற்றி எழுத வேண்டும். என்னோடு வேலை செய்தவர்களில் இரண்டு மூன்று பேருக்கு அரைகுறையாகத் தெரியும். உங்களுக்கு முழுதாகத் தெரிய வேண்டும்.

என் ஊர் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள ஊர்காவற்றுறை. நீண்ட காலம் தெற்கில் வேலை செய்துவிட்டு, வடக்கிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியதும் இடமாற்றம் கேட்டு வந்தேன். காலையில் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது ஒரு காரணம். நம்முடைய ஆட்களோடு நம்முடைய மொழியில் வேலை செய்யலாம் என்பது மற்றது. அந்த இரண்டாவது காரணமே எனக்கு வினையாகிப் போனது.

நான் வந்து சில மாதத்தில் ஒருவர் என் மேசையைக் கடந்து போனார். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்திருக்கிறது என்றார். நொண்டி நொண்டி நடந்தார். தழும்பும் இருந்தது. பாவம் என்று விட்டேன். சென்னையில் இறங்கியதும் அவரைப் பிடித்தார்கள். காலில் கட்டியிருந்தது தங்கம். கொழும்பிலிருந்து என் மேலதிகாரி வந்தார். எல்லாருக்கும் முன்னால் ஒரு வசனம்தான் சொன்னார்: "உங்களுடைய ஆள் என்று விட்டீர்களோ?"

அந்த வசனம் எனக்குள் முள்ளாகக் குத்தி நின்றது. அன்றிலிருந்து நம்முடைய ஆட்கள் என்றால் எனக்கு இன்னும் கடுமை. வெள்ளைக்காரர் வந்தால் புன்னகை. தெற்கிலிருந்து வந்தால் மரியாதை. தீவுப்பகுதிச் சனம் வந்தால் முகத்தை இறுக்கிக்கொள்வேன். நான் நேர்மையானவன் என்று காட்ட வேண்டுமே. உங்களில் பலர் இந்த மண்ணின் பிள்ளைகள். இந்தப் பிழையை வேறு யாரும் செய்யமாட்டார்கள், நாம்தான் செய்வோம். ஆகவே கவனமாகக் கேளுங்கள்.

அது நடந்து பத்து நாளுக்குள் கனகசபை என்பவர் வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர், அனலைதீவுக்காரர். முன்பு தெற்கில் ஒரு சிறு நகரத்தில் கடை வைத்திருந்தவர் என்று பிறகு அறிந்தேன். கையில் ஒரு சின்னப் பை. வேட்டி, வெள்ளைச் சட்டை. இயந்திர வாசலைக் கடக்கையில் மணி அடித்தது. கைக்கருவியைப் பிடித்தேன். வலது தொடைக்கு வந்ததும் கத்தியது.

"காலில ஏதாவது வச்சிருக்கிறீங்களோ?" என்றேன்.

"வச்சிருக்கேல்லை, தம்பி. கிடக்கு. ஷெல் துண்டு."

"டொக்டரிட்டை எடுத்த கடுதாசி இருக்கோ?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். "ஷெல் துண்டுக்கு ஆர், தம்பி, கடுதாசி தருகினம்?"

பிறகு அவரே சொன்னார். தீவை விட்டுச் சனம் வெளிக்கிட்ட நாளில், துறையில் வள்ளத்துக்குக் காத்து நின்றபோது எறிகணை விழுந்ததாம். பெரிய துண்டை எடுத்துவிட்டார்கள். இது எலும்போடு ஒட்டிக் கிடக்கிறது, எடுத்தால் நடக்க முடியாமல் போகும் என்று விட்டுவிட்டார்கள். சொல்லிவிட்டு, "நீங்கள் தீவுப் பக்கமோ, தம்பி? கதை அப்பிடிக் கிடக்கு" என்றார்.

கொழும்பிலிருந்து வந்த மேலதிகாரி இன்னும் திரும்பிப் போகவில்லை; எனக்குப் பின்னால் நின்றார். நான் கனகசபையின் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. "கையை உயர்த்துங்கோ" என்றேன்.

எனக்குத் தெரியாதா? என் ஒழுங்கையிலேயே அப்படி நாலு பேர் இருக்கிறார்கள். என் சொந்த மச்சானின் தோளில் ஒன்று கிடக்கிறது, மழைக்காலத்தில் கையைத் தூக்கமாட்டான். தெரிந்துகொண்டுதான் தெரியாதவன் மாதிரி நின்றேன். அவரைப் பக்கத்துச் சிறு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேட்டியை உயர்த்தச் சொன்னேன். தழும்பு இருந்தது. தழும்பு அந்தத் தங்கக்காரனுக்கும் இருந்ததே என்று நினைத்தேன். சுங்க அதிகாரி வந்து பார்க்கட்டும் என்றேன். அவர் சாப்பிடப் போயிருந்தார்.

கனகசபை கதிரையில் இருந்து காத்திருந்தார். தம்பி குணம் திருச்சியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார். இடம்பெயர்ந்த காலத்தில் படகில் இந்தியாவுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அண்ணன் தம்பி நேரில் கண்டு முப்பது வருடத்துக்கு மேலாகிறது. "கதைக்கிறதை நிப்பாட்டிப்போட்டானாம். ஆனால் ஆள் வந்தால் தெரியுதாம். என்னைக் கண்டால் தெரியும்" என்றார்.

நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

அப்போது ஒலிபெருக்கியில் அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். கடைசி அழைப்பு. அவர் எழும்பினார். "தம்பி, என்ரை பேரைக் கூப்பிடினம்."

"கூப்பிடட்டும். இருங்கோ" என்றேன்.

இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள். மூன்றாம் தரமும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த அறை மேசையில் ஒரு தொலைபேசி இருந்தது. ஒரே ஒரு இலக்கத்தை அமத்தினால் விமானத்துக்கு ஏற்றுகிற கேற்றில் நின்ற விமான நிறுவனப் பிள்ளை எடுக்கும். ஆள் எங்களிடம் நிற்கிறார், பத்து நிமிடம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதைத் தடுக்கிற விதி ஒன்றும் இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. விமானத்தைப் பிடிப்பது அவருடைய பாடு, சோதிப்பது என்னுடைய பாடு என்று நின்றேன்.

சுங்க அதிகாரி வந்து தொடையை அமத்திப் பார்த்தார். விரலுக்குத் தட்டுப்பட்டது. "இது பழைய காயம்தானே, விடுங்கோ" என்றார். அதற்கு அவருக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. வெளியே வந்தபோது கேற்றை மூடியிருந்தார்கள். கண்ணாடியூடாக விமானம் நகர்வது தெரிந்தது.

கனகசபை சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். திருப்பிச் சத்தம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன். அவர் பையை எடுத்துக்கொண்டு, "அடுத்த பிளேன் எப்ப, தம்பி?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் தினமும் விமானம் இல்லை. மூன்றாம் நாள் என்றேன்.

"அதுக்கிடையில அவன் இருக்கமாட்டான்" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் அல்ல. நேரம் சொல்வது போலச் சொன்னார்.

அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறை பஸ்ஸுக்குப் போனேன். கனகசபை முன் இருக்கையில், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்; அனலைதீவுப் படகும் ஊர்காவற்றுறையிலிருந்துதான் புறப்படும். நான் ஏறவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று, அந்த பஸ் போன பிறகு அடுத்ததில் வந்தேன். சீருடை போட்ட மனிதன் ஒளித்து நின்றேன். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அந்த வயதில்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் விமானத்துக்கு அவர் வரவில்லை. அடுத்த கிழமை ஊர்காவற்றுறைத் துறையடிச் சுவரில் ஒரு மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. அனலைதீவைப் பிறப்பிடமாகவும் திருச்சியை வசிப்பிடமாகவும் கொண்ட ஒருவர். பெயரை வாசித்தேன். கீழே கனகசபையின் அன்புச் சகோதரர் என்றிருந்தது. அஸ்தி இராமேஸ்வரத்தில் கரைக்கப்பட்டது என்று கடைசி வரி.

போய் மன்னிப்புக் கேட்போம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை அனலைதீவுப் படகடிக்குப் போனேன். இரண்டு முறையும் படகு போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். என்ன சொல்லிக் கேட்பது? நான் ஒரு விதியையும் மீறவில்லை. பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தேன்: "வலது தொடையில் உலோகப் பொருள். ஷெல் துண்டு எனப் பயணி கூறினார். சான்றுக் கடிதம் சமர்ப்பிக்கவில்லை." மேலதிகாரி அதை வாசித்துவிட்டு, நன்று என்று கையொப்பமிட்டார்.

இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவாகப் போயிருக்கும். நான் ஓய்வு பெற நாலைந்து மாதம் இருந்தது. ஒரு நாள் காலை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் உத்தியோகத்தர் என்னை மெல்லக் கூப்பிட்டாள். அவள் உங்களில் ஒருத்தி. பெயர் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும்.

"சேர், அஸ்திப் பானை. உள்ளுக்கை ஒரு இரும்பு கிடக்கு. ஓரமெல்லாம் பிய்ஞ்ச மாதிரி. ஷெல்லின்ரை துண்டு போலை."

திரையைப் பார்த்தேன். சாம்பலும் எலும்பும் மங்கலாகத் தெரிந்தன. நடுவில் பாக்குச் சீவல் அளவில் ஒரு துண்டு கருநீலமாகக் கிடந்தது.

பானைக்கு உரியவர்கள் வாசலுக்கு அப்பால் நின்றார்கள். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா. பக்கத்தில் நாற்பது வயது மகன், பாரிசிலிருந்து வந்தவர். மரண அத்தாட்சிப் பத்திரம், கிராம சேவையாளரின் கடிதம், எல்லாவற்றையும் மகன் முன்கூட்டியே எடுத்து நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். கனகசபை என்று இருந்தது. அனலைதீவு.

அதே மனிதர், அதே துண்டு, அதே மேசை. நானும் அதே ஆள்.

"என்ன பிரச்சினை?" என்றார் மகன்.

"பானைக்குள்ளை ஒரு உலோகம் தெரியுது. திறந்து பாக்க வேணும்."

மகனுக்குப் பொறுக்கவில்லை. "திறக்க ஏலாது. கடல்லை கரைக்கிற வரைக்கும் திறக்கக் கூடாதெண்டு ஐயர் சொன்னவர். என்ரை லீவு நாலு நாள்லை முடியுது. பாரிசில செக், கொழும்பில செக், இப்ப செத்த மனிசனையும் செக் பண்ணப் போறியளோ?" வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் விடவும் முடியாது. ஆயுதத்தின் எந்தப் பாகமும் விமானத்தில் ஏறக் கூடாது. அது இரண்டு நாட்டுச் சட்டம். தெரியாமல் விட்டால் சென்னையில் அந்த அம்மாவைத்தான் பிடித்து வைப்பார்கள்.

"சேர், பொலிசுக்குச் சொல்லட்டோ?" என்றாள் இளம் உத்தியோகத்தர்.

"சொல்லத்தான் வேணும். முதல் கேற்றுக்குச் சொல்லு. இந்த ரெண்டு பேரும் எங்களிட்டை நிக்கினம், விட்டிட்டுப் போகக் கூடாதெண்டு சொல்லு. ஆர் பொறுப்பு எண்டு கேட்டால் என்ரை பேரைக் குடு."

அவள் தொலைபேசியை எடுத்துச் சொல்லி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

அவர்களைச் சிறு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேறு அறை இல்லை. மேசையைத் துடைத்து வெள்ளைத் தாள் விரித்தேன். வாசலில் என் சப்பாத்தைக் கழற்றினேன். தினமும் நூறு பேரைக் கழற்ற வைத்தவன், என்னுடையதை அங்கே கழற்றியது அன்றுதான்.

"அம்மா, நாங்கள் கை வைக்கமாட்டம்" என்றேன். "நீங்கள்தான் திறக்க வேணும். அந்தத் துண்டை மட்டும் எடுத்துத் தந்தால் காணும். பானை உங்களோடை வரும்."

அம்மா பானையை மடியில் வைத்து, வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். விரலை விட்டதும் தேடாமலே கண்டுபிடித்தார். எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது அவரின்ரை காலில கிடந்ததெல்லே" என்றார்.

காடாற்று அன்று எலும்பு பொறுக்கியவர் மகன்தான். "கரியாய்க் கிடந்தது, அம்மா. நான் எலும்பெண்டு நினைச்சனான்" என்று சொல்லி அழத் தொடங்கினார். அதுவரை அவர் அழவில்லைப் போல.

அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர்கள் இருவர் பெயரையும் கூப்பிட்டார்கள். அம்மா திடுக்கிட்டு எழும்பினார்.

"இருங்கோ, அம்மா. அவை நிப்பினம். சொல்லியாச்சு" என்றேன்.

அம்மா இருந்தார். துண்டை வெள்ளைத் தாளில் வைத்தார். பிறகு என்னிடம், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். "இதுக்குத்தான், தம்பி, இங்கை ஒருத்தர் ஒருக்கா இவரிட்டைக் கடுதாசி கேட்டவர். இவருக்குத் தன்ரை தம்பியின்ரை முகத்தைப் பாக்கக் குடுத்து வைக்கேல்லை. சாகக்குள்ளையும் அதைத்தான் சொன்னவர். குணத்தைப் போட்ட கடலிலையே என்னையும் போடுங்கோ, அங்கையாவது காணட்டும் எண்டு."

சும்மா இருந்திருக்கலாம். அந்த அம்மாவுக்கு நான் யார் என்று தெரியாது. தெரியாமலே போயிருப்பார்.

"அந்த ஆள் நான்தான், அம்மா" என்றேன்.

மகன் தலையைத் தூக்கினார். அம்மா என்னைப் பார்த்தார், பிறகு என் வெறுங்காலைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் பானையின் வாயைத் துணியால் மூடி, முன்பு இருந்தது போலவே முடிச்சுப் போட்டார். அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

"பிளேன் நிக்குதோ?" என்று கேட்டார்.

"நிக்குது, அம்மா."

"அப்ப போயிட்டு வாறன்."

அவ்வளவுதான் சொன்னார். பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பினார். கேற்று வரை நான் கூடப் போனேன். விமானம் பதினைந்து நிமிடம் பிந்திப் போனது. அதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்தது. நாலு வரியில் பதில் எழுதினேன்.

அவர் என்னை மன்னித்தாரா? தெரியாது. உங்களில் யாராவது, அந்த அம்மா பெருந்தன்மையாக நடந்துகொண்டார் என்று சொல்ல வேண்டாம். அவருக்கு விமானம் வேண்டியிருந்தது. என்னைப் பற்றி யோசிக்க அவருக்கு அன்று நேரமில்லை. அதுதான் சரி.

இந்தக் கதையை வைத்துக்கொண்டு விதிகளைத் தளர்த்துங்கள் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். முதல் நாள் நான் ஒரு விதியையும் மீறவில்லை. இரண்டாம் நாளும் மீறவில்லை. துண்டு விமானத்தில் ஏறவில்லை. பொலிஸ்காரர் வந்து உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். சந்தேகப்படுவது உங்கள் தொழில், தாராளமாகச் சந்தேகப்படுங்கள். ஆனால் ஒருவரை நிறுத்தி வைத்த கணத்திலிருந்து அவருடைய நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. தொலைபேசியை எடுங்கள். அவர் உங்கள் ஊர்க்காரரா என்று கேட்டால், ஓம் என்று சொல்லிவிட்டு, பிறகு கையை உயர்த்தச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. அன்று எல்லாம் முடிந்த பிறகு அலுமாரியைத் திறந்து பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். என்னுடைய கையெழுத்தில் அந்த வரி அப்படியே இருந்தது: சான்றுக் கடிதம் சமர்ப்பிக்கவில்லை. பழைய பதிவில் யாரும் கை வைக்கக் கூடாது. உங்களுக்கும் அதைச் சொல்லித் தந்திருப்பார்கள். அந்த வரிக்குக் கீழே, அன்றைய திகதியைப் போட்டு, "சமர்ப்பிக்கப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். கணக்காய்வுக்கு வருகிறவர்கள் என்றாவது அதைக் கண்டு, இது யார் செய்த வேலை என்று கேட்டால், என் பெயரைச் சொல்லுங்கள்.